கப்பல் பாரில் நிற்கப்போகும் பிள்ளைகளுக்கு

அன்புள்ள பிள்ளைகளே,

சென்னையிலும் திருச்சியிலும் நாகர்கோவிலிலும் கேட்டரிங் படித்து முடித்து, சி.டி.சி. என்ற கடலோடிச் சான்றுப் புத்தகம் வந்த கையோடு முதல் காண்ட்ராக்டுக்குக் கிளம்புகிறீர்கள். சிலர் பார் வெய்ட்டராக, சிலர் பஃபேயில், சிலர் கேபின் பராமரிப்பில். படையில் இருந்து ஓய்வு பெற்று செக்யூரிட்டியாகச் சேரும் தம்பிகளும் உங்களோடு அதே விமானத்தில் வருவார்கள். நான் 16 ஆண்டு கடற்படையிலும் அதன்பின் 11 ஆண்டு பயணிகள் சொகுசுக் கப்பல்களில் செக்யூரிட்டியிலும் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். கிளம்பும் முன் என்னைப் பார்க்க வரும் பிள்ளைகள் எல்லாம் சம்பளம், கேபின், வைஃபை பற்றிக் கேட்கிறார்கள். குடித்த பயணியை எப்படிச் சமாளிப்பது என்று ஒருவரும் கேட்டதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

தீயை அணைக்க, கடலில் குதித்தால் உயிர் பிழைக்க, ஆபத்தில் கூட்டத்தை நடத்திச் செல்ல உங்களுக்குப் பயிற்சி தந்திருப்பார்கள். அது கட்டாயம், நல்லது. ஆனால் ஆறு மாதம், எட்டு மாதக் காண்ட்ராக்ட் முழுக்கத் தீயைப் பார்க்காமலே பலர் வீடு திரும்புவார்கள். இரவு ஒரு மணிக்கு, "காசு கட்டியாச்சு, ஊத்து" என்று கவுண்டரைத் தட்டுகிற மனிதரைப் பார்க்காமல் யாரும் திரும்ப மாட்டார்கள். அடிதடி மூண்ட பிறகு நடுக்கடலில் செய்யக்கூடியது மிகக் குறைவு. செய்ய வேண்டியது அதற்கு மூன்று மணி நேரம் முன்பே, இன்னொரு கோப்பை ஊற்றுவதா வேண்டாமா என்ற இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் கேப்டன் நிற்பதில்லை. நீங்கள்தான் நிற்கிறீர்கள்.

மத்தியதரைக் கடலில் ஒரு இரவு. மறுநாளும் துறைமுகம் கிடையாது என்பதால் கப்பல் முழுக்க விழித்திருந்தது. மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, வேலைக்கு வந்து இரண்டாவது மாதம், ஐந்தாவது தளத்து பாரில் நின்றாள். ஏற்கெனவே வேறு இரண்டு பார்களில் குடித்துவிட்டு வந்த ஒருவர் மேலும் கேட்டார். அவள் பயிற்சியில் சொன்னதை அப்படியே செய்தாள். தண்ணீர் வைத்தாள், "கொஞ்சம் கழித்துத் தருகிறேன் சார்" என்றாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். தட்டு விழுந்து உடைந்த சத்தம் கேட்டுத்தான் நாங்கள் ஓடினோம். அவரை நயமாகப் பேசி அறைக்குக் கொண்டுபோய் விட்டோம். மறுநாள் காலை அவரே போய், பணிப்பெண் தன்னை அவமதித்துவிட்டதாகப் புகார் எழுதினார். மதியம், அந்தப் பெண்ணிடம் ஒரு பழக்கூடையைக் கொடுத்து, அவர் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். வீங்கிய கையோடு போய்க் கேட்டாள். இரவு அறிக்கை எழுதியவன் நான். "சுருக்கமாக எழுதினால் போதும்" என்று மேலிருந்து சொன்னார்கள். சுருக்கமாக எழுதினேன். பல ஆண்டுகள் ஆகியும் அது என்னை விடவில்லை. நீங்கள் அந்த இடத்தில் நிற்கும்போது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றைச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் இந்த மடலின் காரணம்.

முதலில், அவர் ஏன் அவ்வளவு குடிக்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். புரிந்தால் கோபம் பாதி குறையும். கப்பலில் பலர் டிரிங்க் பேக்கேஜ் எடுத்திருப்பார்கள். நாளுக்கு இவ்வளவு டாலர் என்று பயணம் முழுவதற்கும் முன்கூட்டியே கட்டிய பணம். கட்டிய காசை எடுத்துவிட வேண்டும் என்ற கணக்கு காலை பத்து மணிக்கே தொடங்கிவிடும். கார்னிவல் நிறுவனம் தன் பேக்கேஜில் 24 மணி நேரத்துக்கு 15 மதுக்கோப்பைகள் என்று வரம்பு வைத்திருக்கிறது. வரம்பே இல்லாத பேக்கேஜ்களும் உண்டு. ஒரு கோப்பையைக் கரைக்கக் கல்லீரலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் தேவை என்பதை வைத்து 15-ஐ நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இதோடு நீச்சல்குளத்து வெயில், தூக்கமின்மை, கடல் குமட்டலுக்குப் போட்ட மாத்திரை, வண்டி ஓட்ட வேண்டாம் என்ற நிம்மதி எல்லாம் சேரும். ஊரில் இரண்டோடு நிறுத்துகிறவர் இங்கே பத்தில் நிற்பார். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. என் அனுபவத்தில் ஏறிய முதல் நாள் மாலையும் இறங்குவதற்கு முந்தின இரவும்தான் மோசம். முதல் நாள் விடுமுறை வெறி, கடைசி நாள் மிச்சத்தைத் தீர்க்கும் வெறி.

உங்கள் வருமானமும் அந்தக் கோப்பையோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதை ஒளிக்க வேண்டாம். பில்லில் சேரும் 18 முதல் 20 சதவீதச் சேவைக் கட்டணத்தை நம்பித்தான் பார் பணியாளர் பலர் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். மறுத்தால் அன்றைய கணக்கில் துண்டு விழும், பயணி மோசமான மதிப்பெண் போடுவார். ஊற்றினால் கேட்க ஆளில்லை. எல்லாச் சுமையும் மறுக்கிறவர் தலையில் விழும்படிதான் இந்த ஏற்பாடு இருக்கிறது. அதை அமைத்தவர்கள் மாற்றாத வரை, தொந்தரவுப் பயணி என்று நாம் பேசுவதில் பாதி நியாயம்தான் இருக்கும். இன்னொன்றும் சொல்கிறேன். கடலோடிகளுக்கு ரத்தத்தில் 0.05 சதவீதத்துக்கு மேல் மது கூடாது என்று சர்வதேச விதி இருக்கிறது. சந்தேகம் வந்தால் உங்களை எந்த நேரத்திலும் ஊதச் சொல்வார்கள். பயணிக்கு அப்படி ஒரு கோடு கிடையாது. அவருக்குக் கோடு கிழிக்க வேண்டிய பொறுப்பை உங்கள் கண்ணிடம் விட்டிருக்கிறார்கள்.

அந்தக் கண்ணைப் பழக்குங்கள். தரையில் நடையைப் பார்த்துக் குடித்தவரைச் சொல்லிவிடலாம். கப்பலில் முடியாது, அலை இருக்கும் இரவில் எல்லோரும்தான் தள்ளாடுகிறார்கள். கையைப் பாருங்கள். அறை அட்டையை இரண்டு முறை கீழே போடுகிறாரா, கோப்பையை வைக்கும் இடம் தவறுகிறதா, சொன்னதையே திரும்பச் சொல்கிறாரா, பக்கத்து மேசைக்காரர்கள் நாற்காலியை நகர்த்திக்கொள்கிறார்களா? கடைசி அடையாளத்தை நான் மிகவும் நம்புவேன். பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு நமக்கு முன்பே தெரிந்துவிடும்.

குடித்தவர்போல் இருப்பவர் எல்லாம் குடித்தவர் அல்ல என்பதும் நினைவில் இருக்கட்டும். இந்தக் கப்பல்களில் வயதானவர்கள் அதிகம். சர்க்கரை திடீரென்று இறங்கினால் வியர்த்து, குழறி, கோபப்பட்டு, சண்டைக்கு வருவார்கள். பக்கவாதத்தின் தொடக்கமும் நாக்கைக் குழற வைக்கும். வாயில் மது வாடை வந்தாலும் சந்தேகம் இருந்தால் முதலில் மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டவரை "போதையில் தூங்குகிறார்" என்று விட்டுவிட்டு வந்தால் காலையில் கதவைத் தட்டும்போது பதில் வராது.

இனி மறுப்பது. ஏழாவது கோப்பையில் திடீரென்று "கிடையாது" என்றால் சண்டைதான். மூன்றாவதிலேயே வேகத்தைக் குறைக்கத் தொடங்க வேண்டும். பில்லை மெதுவாகக் கொண்டு வாருங்கள், கூடவே சாப்பிட ஏதாவது வையுங்கள், கேட்காமலே தண்ணீர் வையுங்கள். கூட வந்தவர்களில் நிதானமாக இருப்பவர் ஒருவர் எப்போதும் இருப்பார். மனைவியோ, அக்காவோ, அலுவலக நண்பரோ. அவரிடம் தனியாகப் பேசுங்கள், நீங்கள் செய்ய முடியாததை அவர் இரண்டு நிமிடத்தில் செய்துவிடுவார். மறுக்கும்போது கூட்டத்தின் முன்னால் மறுக்காதீர்கள். நண்பர்கள் பார்க்கத் தோற்பதைவிட அடிபடுவது மேல் என்று நினைக்கிற ஆண்களை நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். "நீங்கள் அதிகம் குடித்துவிட்டீர்கள்" என்ற வாக்கியம் வாயில் வரவே கூடாது. "இப்போது என்னால் தர முடியாது சார், கப்பல் விதி" என்றால் போதும். காரணம் கேட்டு வாதாடினால் அதையே அதே குரலில் இன்னொரு முறை சொல்லுங்கள். உடனே சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள், தனியாகத் தாங்க வேண்டிய விஷயம் இல்லை இது. அடுத்த வேலைதான் பெரும்பாலும் விட்டுப்போகும். நீங்கள் மறுத்தவர் லிப்ட் ஏறி அடுத்த பாருக்குத்தான் போவார். எல்லா பாருக்கும் தகவல் சொல்லச் சொல்லுங்கள், அவர் கணக்கில் குறிப்புப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு கோப்பையும் அவர் அறை அட்டையில் நேரத்தோடு பதிவாகிறது. இரவு பதினொரு மணிக்கு எந்த அறைக்காரர் எத்தனை குடித்திருக்கிறார் என்று கப்பலுக்குத் தெரியும். தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நம் ஊர்ப் பயணிகள் வந்தால் இன்னொரு சங்கடம். பெயர்ப் பட்டையைப் பார்த்துவிட்டு, "தம்பி எந்த ஊரு? நம்மாளுதானே, பெருசா ஊத்து" என்பார்கள். ஊர்ப்பாசம் காட்டுகிறவரிடம் மறுப்பது வெள்ளைக்காரரிடம் மறுப்பதைவிடக் கடினம். "அண்ணே, நம்மாளா இருக்கப்போய்த்தான் சொல்றேன், இன்னைக்குப் போதும்" என்று அதே பாசத்தால் மறுக்கலாம். பலமுறை பலித்திருக்கிறது. கூட்டமாக வந்தால்தான் கடினம். 2018 செப்டம்பரில் சிட்னியில் இருந்து புறப்பட்ட வாயேஜர் ஆஃப் தி சீஸ் கப்பலில் இந்திய நிறுவனம் ஒன்றின் ஆட்கள் ஏறத்தாழ 1,300 பேர் ஒன்றாக ஏறினார்கள். நீச்சல்குளம், பார், பஃபே எல்லாம் அவர்கள் வசமாகிவிட்டது, பெண்களைப் படம் பிடித்தார்கள் என்று மற்றப் பயணிகள் புகார் செய்ய, கப்பல் நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அத்தனை பேரை ஒரே குழுவாக விற்றவர்களின் தவறை மேல்தளத்தில் நின்ற பணியாளர்கள் சுமந்தார்கள். ஆயிரம் பேர் ஒரே குழுவாக ஏறும்போது, யாரோடு பேசினால் அந்தக் குழு கேட்கும் என்று முதல் நாளே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

மறுக்காமல் விட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு ஊரறிந்த சம்பவங்கள் உண்டு. 2019 ஜூலையில் நார்வேயில் இருந்து சவுத்தாம்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டானியா கப்பலின் பஃபேயில் அதிகாலை நேரத்தில் சண்டை மூண்டது. தட்டுகளும் நாற்காலிகளும் ஆயுதமாயின. ஆறு பேர் தாக்கப்பட்டார்கள். பிற்பகலில் மேல்தளத்தில் குடி ஓடியது என்று கப்பலில் இருந்தவர்கள் சொன்னார்கள். 2022 ஜூனில் நியூயார்க் திரும்பிய கார்னிவல் மேஜிக் கப்பலில் நடனக்கூடத்தில் அதிகாலை நேரத்தில் தொடங்கிய சண்டையில் 40 முதல் 60 பேர் வரை இருந்தார்கள் என்றார்கள், கடலோரக் காவல்படைப் படகு கூடவே வந்து கப்பலைக் கரை சேர்த்தது. இரண்டும் நடந்த நேரத்தைப் பாருங்கள். அந்த நேரத்தில் யாரும் முதல் கோப்பையைக் குடிப்பதில்லை.

இதைவிட என்னைப் பாதித்தது 2018 பிப்ரவரியில் கார்னிவல் லெஜண்ட் கப்பலில் நடந்தது. மெல்பர்னில் இருந்து தென் பசிபிக்குக்கு 10 நாள் பயணம். ஒரு பெரிய குடும்பக் குழு மற்றவர்களை வம்புக்கிழுத்துக்கொண்டே இருந்தது, பல நாட்களாகப் புகார் சொல்லியும் பலனில்லை என்று பயணிகள் பிறகு சொன்னார்கள். கடைசியில் பெரிய அடிதடி. கப்பல் ஈடன் துறைக்குத் திருப்பப்பட்டு, அந்தக் குடும்பத்தின் 23 பேர் இறக்கிவிடப்பட்டார்கள். ஆனால் உலகம் பார்த்த வீடியோ எது தெரியுமா? கப்பல் காவலர்கள் உதைக்கிற வீடியோ. செக்யூரிட்டித் தம்பிகளே, இதை உங்களுக்காகச் சொல்கிறேன். எத்தனை நாள் நீங்கள் பொறுத்திருந்தாலும், ஒரு உதை போதும், குற்றவாளி நீங்களாகிவிடுவீர்கள். ஆகவே பத்தாம் நாளில் உதைக்கக் காலை வீசாதீர்கள், இரண்டாம் நாளே அறிக்கையை வீசுங்கள். புகார் வந்த அன்றே எழுதி, அன்றே மேலே அனுப்பி, அந்தக் குடும்பத்தின் பெரியவரை அன்றே கேப்டன் முன் உட்காரவைக்கச் சொல்லுங்கள். என் அனுபவத்தில், நான்கு கோடு போட்ட தோள்பட்டை முன்னால் உட்கார்ந்து பேசிய பிறகு அடங்காத குழுக்கள் மிகக் குறைவு.

போனால் இரண்டு பேராகப் போங்கள், உங்களில் ஒருவர்தான் பேச வேண்டும். பக்கவாட்டில் நில்லுங்கள், நேர் எதிரே நிற்காதீர்கள், வெளியேறும் வழியை அவருக்கு அடைக்காதீர்கள். உட்காரவைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. கூட்டத்தைக் கலைக்க விளக்கைப் போடுவதும் இசையை நிறுத்துவதும் பத்துக் காவலருக்குச் சமம், அதைச் செய்யும் அதிகாரம் யாரிடம் என்று முன்பே கேட்டு வைத்திருங்கள். அறைக்குக் கொண்டுபோனால் தனியாக மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு வராதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாந்தி மூச்சுக்குழலில் இறங்கினால் நிமிடக் கணக்குத்தான். அடித்தளத்தில் 'பிரிக்' என்று பூட்டுள்ள அறை இருக்கும். அதில் வைத்தவரை என் குழு 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, மூச்சைக் கவனித்து, நேரம் எழுதி, கையெழுத்துப் போடும். பூட்டிவிட்டோம் என்று நிம்மதியடையக் கூடாது. பூட்டிய பிறகு அவர் உயிர் நம் பொறுப்பு.

அறைக்குள் அடைத்து வாசலில் காவல் போடச் சொன்னால், 24 மணி நேரத்துக்கு மூன்று ஆள் வேண்டும். மூவாயிரம் பயணிகள் இருந்த என் கப்பலில் செக்யூரிட்டி இருபது பேர்கூட இல்லை. ஒரு குடிகாரர் மூன்று நாள் அடைபட்டால் மற்றவர்கள் தூக்கம் போகும். எந்த 24 மணி நேரத்திலும் 10 மணி நேர ஓய்வு, ஏழு நாளில் 77 மணி நேர ஓய்வு என்று கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. இந்தியா 2015இல் அதை ஏற்றது. ஓய்வு நேரப் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

நடுக்கடலில் போலீஸ் இல்லை. கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான். பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்டா. பிரிட்டிஷ் கொடிக் கப்பல்களுக்கு 1995ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் உண்டு, ஒழுங்கைக் காக்கத் தேவையானால் கப்பலில் உள்ள யாரையும் கட்டுப்படுத்தி வைக்கும் அதிகாரத்தை அது கேப்டனுக்குத் தருகிறது. அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடலாம், அவர் சொந்தச் செலவில் ஊர் போக வேண்டும். கார்னிவல் 500 டாலர் அபராதமும் வைத்திருக்கிறது. அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களுக்கு 2010இல் ஒரு சட்டம் வந்தது. அறைக் கதவில் வெளியே பார்க்கும் துளை, 42 அங்குல உயரக் கைப்பிடிச் சுவர், கொலை, பாலியல் வன்முறை, கடுங்காயம் விளைவிக்கும் தாக்குதல் போன்ற பெருங்குற்றங்களை எஃப்.பி.ஐ.க்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் எல்லாம் அதில் உண்டு. அந்தக் கணக்கை அரசு வெளியிடுகிறது. ஆனால் முறுக்கப்பட்ட மணிக்கட்டு 'கடுங்காயம்' ஆகாது. இடுப்பில் பட்ட கையும், முகத்தில் ஊற்றப்பட்ட பீரும் அந்தப் பட்டியலில் ஏறாது. நீங்கள் எழுதாவிட்டால் அது நடக்கவே இல்லை.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக. போதையில் இருப்பவர் அறைக்கு எதைக் கேட்டாலும் தனியே போகாதீர்கள். கதவுக்கு வெளியே, கேமரா பார்க்கும் இடத்தில் நின்றே கொடுங்கள். கேபின் பராமரிப்பில் இருப்பவர்கள் கதவைத் திறந்து வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள். உங்கள் மேல் கை பட்டால் அது வேலையின் பகுதி அல்ல. யார் அப்படிச் சொன்னாலும், உங்கள் ஊர்க்கார சீனியரே சொன்னாலும், கேட்காதீர்கள். பாலியல் தாக்குதல் என்று யார் சொன்னாலும் அறையை அந்த நிமிடமே பூட்டி ஆள் நிறுத்துங்கள். 2002இல் ஆஸ்திரேலியாவில் இருந்து கிளம்பிய பசிபிக் ஸ்கை கப்பலில் ஒரு பெண் போதைமருந்து உடம்பில் ஏறி இறந்தார். போலீஸ் வருவதற்கு முன் அறை முறையாகக் காக்கப்படவில்லை. விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

கைப்பிடிச் சுவர் பற்றியும் ஒரு வார்த்தை. 42 அங்குலம் என்றால் சராசரி மனிதரின் இடுப்புக்கு மேலே. நிற்கிறவர் தானாக விழ மாட்டார். ஏறி உட்காருகிறவர், பக்கத்து பால்கனிக்குத் தாவுகிறவர், படம் எடுக்க மேல் கம்பியில் கால் வைக்கிறவர்தான் விழுகிறார்கள். அதைப் பார்த்தால் கத்தாதீர்கள், திடுக்கிட்டால் பிடி நழுவும். பெயர் சொல்லியோ "சார்" என்றோ சாதாரணக் குரலில் கூப்பிட்டுப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பக்கத்தில் போங்கள். 2022 நவம்பரில் கார்னிவல் வேலர் கப்பலில் இரவு 11 மணிக்கு பாரில் இருந்து கழிப்பறைக்கு எழுந்து போனவரைக் காணவில்லை என்று மறுநாள் நண்பகலில்தான் தகவல் போனது. மெக்சிகோ வளைகுடாவில் 15 மணி நேரத்துக்கும் மேல் மிதந்து உயிரோடு மீட்கப்பட்டார். எல்லோருக்கும் அப்படி அமையாது. உங்கள் மேசையில் இருந்து எழுந்து போனவர் திரும்பாவிட்டால் கூட வந்தவர்களிடம் கேளுங்கள். கேட்பதற்கு அரை நிமிடம்.

சைன் ஆன் செய்த முதல் வாரத்திலேயே உங்கள் மேலாளரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "நான் விதிப்படி ஒருவருக்கு மறுத்தால், அவர் புகார் கொடுத்தால், எனக்காக யார் பேசுவார்கள்?" மரியாதையாக, மற்றவர்கள் முன்னிலையில் கேளுங்கள். ஒருவராகக் கேட்டால் திமிர் என்பார்கள். பத்துப் பேராகக் கேளுங்கள். கோவாக்காரர், பிலிப்பைன்ஸ்காரர், இந்தோனேசியர் எல்லோருக்கும் இதே வலிதான், கூட நிற்பார்கள். ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். நேரம், தளம், அறை எண், என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள், யார் பார்த்தார்கள். அன்றிரவே, தூங்கும் முன், உங்கள் கையெழுத்தில்.

அந்த மதுரைப் பெண் காண்ட்ராக்ட் முடியும் முன்பே ஊர் திரும்பிவிட்டாள். அவளுக்காக எழுதியிருக்க வேண்டிய அறிக்கையை இப்போது எழுதுகிறேன்: இரவு 1.10, ஐந்தாவது தளம், நடு பார். பயணி மூன்றாவது பாருக்கு வந்தபோது போதையில் இருந்தார். பணியாளர் விதிப்படி மறுத்து, தண்ணீர் வழங்கினார். பயணி பணியாளரின் வலது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். பணியாளர் மீது தவறு எதுவும் இல்லை.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் அந்தத் தளத்தில் நின்ற ஒருவன்